பொருள்: 'மறுசீரமைப்பு நீதி'க்கு மாற்றாக 'செப்பநீதி'

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

போன சனி, ஞாயிறு மயிலாடுதுறையில் ரெஸ்டோரேட்டிவ் ஜஸ்டிஸ் பயிற்சிப் பட்டறைக்குப் போய்வந்தேன். எந்தச் சட்டம் மீறப்பட்டது, என்ன தண்டனை என்பதோடு நிற்காமல், யாருக்குத் தீங்கு நேர்ந்தது, அவருக்கு என்ன தேவை, அதைச் செய்யும் கடமை யாருடையது என்று கேட்கிற முறை. 1974இல் கனடாவின் எல்மைராவில் இரண்டு இளைஞர்கள் 22 இடங்களில் சேதம் விளைவித்தார்கள். பாதிக்கப்பட்டவர்களை அந்த இளைஞர்களே நேரில் போய்ச் சந்திக்கும்படி செய்தார்கள். இன்றைய வடிவத்துக்கு அந்த வழக்கைத்தான் தொடக்கமாகச் சொல்வார்கள். கையேட்டில் 'மறுசீரமைப்பு நீதி' என்று அச்சிட்டிருந்தார்கள். அதற்கு வேறு சொல் வேண்டும் என்று எனக்குப் படுகிறது. நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> ஏற்கெனவே புழங்குகிற சொல். புதிதாக எதற்கு?

ஐயா, கடன் மறுசீரமைப்பு, துறை மறுசீரமைப்பு நினைவுக்கு வருவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு உறுத்துவது அந்த 'மறு'. முன்பிருந்த நிலைக்கே திருப்புவது என்றாகிறது. டெல்டாவில் முன்பிருந்த நிலை எது? பண்ணையாளுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டதும் இங்கேதான். உறவைப் பழையபடி ஆக்குவோம் என்று இந்த மண்ணில் சொன்னால், எந்தப் பழையபடி என்று கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். 'மீட்பு நீதி'யிலும் இதே சிக்கல்தான். போதாக்குறைக்கு, அதைக் கேட்டால் தீயணைப்புத் துறையும் நகைக்கடனும் கண்முன் வரும்.

பட்டறையில் நடித்துப் பார்த்த வழக்கு ஒன்று: பம்புசெட்டின் காப்பர் வயரை அறுத்துப் போன பையன், குறுவை நடவு தள்ளிப்போன விவசாயி. பையனாக நடித்தவர் வயர் காசைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். விவசாயியாக உட்கார்ந்திருந்த அம்மா, "வயரு கெடக்கட்டும் தம்பி, நாத்து முத்திப் போச்சே, அதுக்கு என்ன பண்ணப்போற?" என்றார். பையனுக்கு வாயே எழவில்லை. முற்றிய நாற்றை இளசாக்க முடியாது. பேசிப் பேசி, அடுத்த நடவுக்கு வேலையாளாக வருவது என்று முடிந்தது. முன்பு அவர்களுக்குள் ஒரு உறவும் இல்லை. இங்கே எதை 'மறுபடி' சீரமைப்பது?

> 'ஒப்புரவு நீதி' அழகாக இருக்கிறதே!

அழகுதான் தோழி, எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வேளாங்கண்ணிப் பக்கம் ஒப்புரவு என்றால் பாவசங்கீர்த்தனம்தான். குறளின் ஒப்புரவோ ஊருக்கு உதவுவது. அதைவிட முக்கியம், பாதிக்கப்பட்டவர் மன்னித்தே ஆக வேண்டும் என்கிற கட்டாயம் இம்முறையில் கிடையாது. சொல்லே சமாதானத்தை முன்கூட்டி அறிவித்துவிடக் கூடாது.

நான் முன்வைப்பது 'செப்பநீதி'. சாலையைச் செப்பனிடுகிறோம், வாய்க்கால் கரையைச் செப்பனிடுகிறோம். பழையதைவிட உயர்த்தியும் கட்டலாம். நடுவுநிலைமை அதிகாரத்தில் "சொற்கோட்டம் இல்லது செப்பம்" என்கிறார் வள்ளுவர். பழுது நீக்குவதும் கோணாமல் நிற்பதும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. செப்பம் என்றாலே நடுநிலை, பின்னால் நீதி எதற்கு, நடு சென்டர் மாதிரி என்று கிண்டல் செய்யலாம். செய்யுங்கள், 'நீதி' இல்லாவிட்டால் பொதுப்பணித்துறை டெண்டர் என்று நினைத்துவிடுவார்கள்.

> எந்தப் பெயர் வைத்தாலும் கட்டப் பஞ்சாயத்துதானே?

பட்டறையிலும் இதே கேள்வி வந்தது. கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று உச்சநீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது. கட்டப் பஞ்சாயத்தில் நாட்டாமை தீர்ப்புச் சொல்வார். இங்கே தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. தீங்கிழைத்தவர் முதலில் பொறுப்பை ஏற்க வேண்டும், இரு தரப்பும் தாமாக வர வேண்டும், பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். ஆனால் ஊரில் சாதி பலம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது 'தாமாக' என்பதை யார் உறுதிசெய்வது? பயிற்சியாளரின் பதில் எனக்குத் திருப்தியாக இல்லை.

இரு தரப்பும் வட்டமாக உட்கார்ந்து பேசும் இந்தச் சந்திப்பை நடத்துபவருக்கும் சொல் வேண்டும். 'நடுவர்' என்றால் தீர்ப்பு ஒட்டிக்கொள்ளும், டெல்டாக்காரருக்குக் காவிரி நடுவர் மன்றமும் சேர்ந்து வரும். 'நெறியாளர்' டிவி விவாதத்துக்குப் போய்விட்டது. 'வட்டம் நடத்துநர்' என்றால் பஸ் கண்டக்டர். வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள், கையேட்டை மறுபதிப்புக்குத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.