குப்பை விழிப்புணர்வுக்குக் குளிர்பானக் கம்பெனி ஏன் செலவு செய்கிறது?

செந்தில் வாத்தியார்:
எங்கள் பள்ளியில் பசுமைப் படை என் பொறுப்பு. ஒரு குளிர்பானக் கம்பெனி இலவசமாகப் போஸ்டர்கள் அனுப்பியிருக்கிறது. எல்லாவற்றிலும் ஒரே பேச்சு: பாட்டிலைத் தெருவில் எறியாதே, பூமி உன் கையில். "அப்போ பாட்டில் செய்யறவங்க கையில இல்லையா சார்?" என்று எட்டாம் வகுப்புப் பெண் கேட்கிறாள். என்ன சொல்வது?

குமரன்:
இதிலுமா சதி? எங்கள் தெருமுனையில் தொட்டி இருந்தும் சாக்கடையில்தான் போடுகிறார்கள். போடுகிறவனை விட்டுவிட்டுக் கம்பெனியைத் திட்டி என்ன பயன்?

பழைய டிப்போ:
மதுரையில் ஒரு கலர் டிப்போவில் கணக்கு எழுதியவன் நான். அன்று காலி பாட்டில்தான் எங்களுக்குச் சொத்து. பெட்டிக்கு 24, ஒன்று குறைந்தாலும் கடைக்காரர் கொடுத்த அட்வான்ஸில் பிடிப்போம். அதனால் குடித்து முடிக்கும்வரை பையன்களை அவர் கடையைவிட்டு நகர விடமாட்டார். ஜனங்கள் அன்று ரொம்ப ஒழுங்கு என்றில்லை, பாட்டிலுக்குக் காசு இருந்தது. பிளாஸ்டிக் வந்ததும் காலியைத் திரும்ப ஏற்றிவரும் லாரி வாடகை, கழுவும் கூலி எல்லாம் கம்பெனிக்கு மிச்சம். செலவு நகராட்சி தலையில்.

அமெரிக்காவில் இது முன்பே நடந்தது. 1953இல் வெர்மான்ட் மாநிலம், திருப்பி வாங்காத பாட்டில்களில் பீர் விற்கத் தடை போட்டது. அதே ஆண்டு கேன், பாட்டில் கம்பெனிகள் சேர்ந்து, குப்பை போடாதே என்று ஜனங்களுக்குச் சொல்ல 'கீப் அமெரிக்கா பியூட்டிஃபுல்' அமைப்பைத் தொடங்கின. 1971இல் அவர்கள் விட்ட டிவி விளம்பரத்தில், குப்பையைப் பார்த்து ஒரு பூர்வகுடி ஆள் கண்ணீர் விடுவார். மாசு தொடங்குவது மனிதர்களால், நிறுத்த முடிவதும் அவர்களால்தான் என்று முடியும். (அழுதவர் இத்தாலிய வம்சாவளி நடிகர், அது தனிக் கூத்து.) அதே ஆண்டு ஆரிகன் மாநிலம் பாட்டிலுக்கு டெபாசிட் சட்டம் கொண்டுவந்தது. அதுபோன்ற சட்டங்கள் வந்த இடமெல்லாம் எதிர்த்து நின்றவர்களில், அந்த அமைப்புக்குப் பணம் கொடுத்த கம்பெனிகளும் உண்டு.

குமரன் தம்பி, போடுகிறவன் மேலும் தப்புதான். அவனை மட்டுமே காட்டுவதற்கு ஒருவர் காசு செலவழித்தால், அவருக்கு அதில் லாபம் இருக்கிறது.

மதி:
கார்பன் தடமும் (ஒருவர் வாழ்வதால் காற்றில் சேரும் கரியமில வாயுவின் கணக்கு) இதே கதைதான். அதைக் கண்டுபிடித்ததே பிபி எண்ணெய்க் கம்பெனி என்பார்கள், அது சரியில்லை. ஆனால் 2000களில் விளம்பரம் செய்து வீட்டுக்கு வீடு பரப்பியது அவர்கள்தான். உங்கள் தடம் எவ்வளவு என்று பார்க்க இணையத்தில் கால்குலேட்டரும் கொடுத்தார்கள். எண்ணெய் எடுப்பது அது பாட்டுக்கு நடந்தது.

ஊட்டிக்காரி:
டெபாசிட் இங்கேயும் வந்துவிட்டதே! உடைந்த பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று உயர் நீதிமன்றம் வரை போய், 2022இல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்க ஆரம்பித்தார்கள். காலியைக் கொடுத்தால் பணம் திரும்பும். எங்கள் பக்கம் இப்போது பாட்டில் கிடந்தால் யாராவது பொறுக்கிக்கொண்டு போகிறார்கள்.

செந்தில் வாத்தியார்:
நன்றி ஐயா. அந்த 1971 விளம்பரத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாமா?

பழைய டிப்போ:
தாராளமாக. ஆனால் யார் பணத்தில் எடுத்தது என்று முதலிலேயே சொல்லிவிடாதீர்கள் சார். அந்தப் பெண்ணையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.