பனிநிலைக்கு மாற்றாகத் துளிநிலை: ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம். காற்றிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைத் (dew point) தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் உரையாடலில் வந்த கேள்விகளுக்கும் மறுப்புகளுக்கும் இது என் பதில்.

மே மாதத்தில் தண்டையார்பேட்டையில் ஒருவரை நிறுத்தி, “இன்று பனிநிலை 26 டிகிரி” என்று சொல்லிப் பாருங்கள். வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்து மோர் வாங்கிக் கொடுப்பார். பனிநிலை, பனிப்புள்ளி ஆகிய சொற்கள் பாடப்புத்தகத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். கடற்கரை ஊர்களின் வானிலைச் செய்திக்கு அவை உதவவில்லை. அவற்றுக்கு மாற்றாகத் ‘துளிநிலை’ என்பதை முன்வைக்கிறேன்.

பொருளை முதலில் பார்த்துவிடுவோம். காற்றழுத்தம் மாறாமல், நீராவி கூடாமல் குறையாமல் காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால், ஒரு வெப்பநிலையில் காற்று நிறைவுறும். அந்த வெப்பநிலைதான் துளிநிலை. அதற்கும் கீழே குளிர்ந்தால் மிஞ்சிய நீராவி நீராகப் படியும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்க முடியும். 20 டிகிரியில் 17 கிராம்தான். காசிமேட்டில் ஐஸ் போட்டு மீன் வைத்த அலுமினியக் கூடையின் வெளிப்புறம் உச்சிவெயிலிலும் நனைந்து வழிகிறதே, அதுவும் இதே நிகழ்வுதான். 1820-இல் ஆங்கில அறிவியலர் டேனியல் உருவாக்கிய, காற்றின் ஈரத்தை அளக்கும் ஈரமானியும் இப்படித்தான் அளந்தது: ஈதர் ஆவியாவதால் கண்ணாடிக் குமிழ் குளிரும், அதன்மேல் நீர் அரும்பும் கணத்தில் உள்ளே இருக்கும் வெப்பமானியைப் படிக்க வேண்டும்.

இந்த எண்ணைப் பொதுமக்களுக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஈரப்பதம் எத்தனை விழுக்காடு என்று சொன்னால் போதாதா? போதாது. துளிநிலை 25 டிகிரியாகவே இருக்கும் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் வெப்பநிலை 28 என்றால் ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்த வெப்பநிலையில் இருக்கக்கூடிய நீராவியில் உண்மையில் இருக்கும் பங்கு, 84 விழுக்காடு. பிற்பகலில் 38 ஆகும்போது அது 48 விழுக்காடு. செய்தி கேட்பவர் ஈரம் பாதியாகிவிட்டது என்று நம்புவார். காற்றில் இருக்கும் நீராவியின் அழுத்தமோ மாறவே இல்லை. எதிர்ப்பக்கமும் உண்டு. மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும்வரை வெயில் சுட்டாலும் வியர்வை உலர்ந்துவிடுகிறது. கடற்காற்று எண்ணூர், திருவொற்றியூர் கரையைத் தாண்டி உள்ளே வந்ததும் வெப்பநிலை இறங்கும், துளிநிலை ஏறும். வெயில் தணிந்த பிறகும் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம், வியர்வை ஆவியாகி உடலின் வெப்பத்தை எடுத்துச்செல்வது மெதுவாகிவிடுவதுதான். புழுக்கத்தை அளக்க ஒரே எண் வேண்டுமென்றால் அது துளிநிலைதான். கீழ்க்காற்றுக்கும் மழைமேகத்துக்கும் ‘கொண்டல்’ என்று ஒரே பெயர் வைத்த முன்னோர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியிருந்திருக்காது.

இனி மறுப்புகள். “கண் பனித்தது என்கிறோம். அங்கே குளிர் இல்லையே, நீர் அரும்புவது மட்டும்தானே? அப்படியானால் பனிநிலையில் என்ன குறை?” என்று பேராசிரியர் ஐயா எழுதியிருக்கிறார். இதுவரை வந்த மறுப்புகளில் வலுவானது இதுதான். இலக்கணப்படி எனக்கு விடை இல்லை. ஆனால் வானிலைச் செய்தியில் பனி என்றால் மார்கழியும் போகிப் புகையோடு கலந்த மூட்டமும்தான் நினைவுக்கு வருகின்றன. போதாக்குறைக்குப் பனிமூட்டம், பனிப்பொழிவு, பனிக்கட்டி, பனிப்பாறை என்று அந்த ஒரு சொல்லின் தலையில் ஏற்கெனவே எத்தனையோ ஏற்றிவிட்டோம்.

‘வியர்நிலை’ என்றார் ஆசிரியை அம்மா. சொம்பு வியர்க்கிறது என்ற வழக்கிலிருந்து பிறந்த அழகான சொல். ஆனால் மனித உடலின் வியர்வையையும் இதையும் ஒரே பத்தியில் எழுத வேண்டியிருக்கும். மேலே என் பத்தியையே பாருங்கள், குழப்பம் நிச்சயம்.

துளிநிலைக்கு ஒரு வசதி உண்டு. கொதிநிலை, உறைநிலை, உருகுநிலை மூன்றும் வினைத்தொகைகள். துளித்தல் என்ற வினையும் நம்மிடம் இருப்பதால் இச்சொல் அந்த வரிசையில் இயல்பாகப் போய் அமர்கிறது. ‘புள்ளி’ என்று வாலை ஒட்டவும் தேவையில்லை.

சுழியத்துக்குக் கீழே நீராவி நேராகப் பனிப்படிகமாகப் படியும் வெப்பநிலைக்கும் ஒரு சொல் வேண்டும். ஊட்டிக்காரர்களுக்கு அது அன்றாடத் தேவை. ‘உறைபனிநிலை’ என்று வைக்கலாம். வெறும் பனிநிலை என்று வைத்தால் பழைய பாடநூல் படித்தவர்கள் தடுமாறுவார்கள்.

முடிவாகாத ஒன்று மிஞ்சுகிறது. வெப்பநிலைக்கும் துளிநிலைக்கும் உள்ள வேறுபாட்டை எப்படிச் சொல்வது? தரையிலிருந்து எழும் காற்றில் இந்த வேறுபாட்டின் ஒவ்வொரு டிகிரிக்கும் மேகத்தின் அடித்தளம் சுமார் 125 மீட்டர் உயரும். வெப்பநிலை 34, துளிநிலை 26 என்றால் திரள்மேகம் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் தொடங்கும். நான் ‘துளிநிலை இடைவெளி’ என்று எழுதி வருகிறேன். ‘விலக்கம்’ என்பதை விரும்புவோர் காரணத்தோடு எழுதுங்கள்.