வார்வ்: ‘ஆண்டுவண்டல்’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஐஸ் ஏஜ்’ எனப்படும் பனியூழிச் சூழலை ஆராய்பவர்களுக்கான களப்பட்டறைக் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று போன மடலில் சொல்லியிருந்தேன். பல சொற்கள் சுலபமாக அமைந்துவிட்டன. ‘பனிக்காலம்’ என்றால் ஆண்டுதோறும் வந்துபோகும் பருவம் என்றாகிவிடும், அதனால் பனியூழி. பயிலரங்கு என்றால் உட்கார்ந்து கேட்கிற இடம் போலத் தோன்றுகிறது, இங்கே மண்வெட்டியும் கரணையுமாக நின்று வேலை செய்கிறார்கள், எனவே பட்டறைதான். சரி, நான் நின்றுபோனது ஏரியடிக் களியின் அடுக்கைக் குறிக்கும் வார்வ் (varve) என்ற ஒரே சொல்லில்.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். பனியாறு உருகிய நீர் ஏரியில் சேருகிறது. கோடையில் உருகுநீர் பெருகி வரும்போது மாவு போன்ற வெளிர்மணல் அடியில் படியும். குளிர்காலத்தில் ஏரியின் மேற்பரப்பு உறைந்து, நீர் அசையாமல் நிற்க, கோடை முழுக்க மிதந்துகொண்டிருந்த நுண்களி மெல்ல இறங்கிக் கருமையான படலமாகும். வெளிரும் கருமையும் சேர்ந்த இந்த ஒரு சோடிதான் ஒரு வார்வ், அதாவது ஓராண்டு. சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, சில இடங்களில் பல சென்டிமீட்டர் வரும்.

வார்வுக்கு நம் குழுவில் ஐயா ஒருவர் பரிந்துரைத்த ‘வண்டல்வரி’ எனக்கு முதலில் மிகவும் பிடித்திருந்தது. வரி என்ற சொல் ஒலியிலும் வார்வுக்குப் பக்கத்தில் இருக்கிறது, வரிப்புலியின் கோடுகள் கண்முன் வருகின்றன. ஆனால் களத்தில் அது பிழைக்கு வழிவிடும். கரணையால் செதுக்கிய களிமுகத்தைச் சற்று உலரவிட்டால் வெளிர்ப்படலம் முதலில் காய்ந்து கோடுகள் தெளிவாகும். நீளமான காகிதப் பட்டையை அதன்மேல் ஒட்டினாற்போல் பிடித்து, ஒருவர் எல்லைகளைச் சொல்லச் சொல்ல இன்னொருவர் பென்சிலால் குறிப்பார். அங்கே “நூறு வரி” என்று குரல் வந்தால் குறிப்பவர் எதை எழுதுவார்? கண்ணுக்குத் தெரிவது வெளிர் ஒரு வரி, கருமை ஒரு வரி. தனித்தனியாக எண்ணிவிட்டால் ஐம்பது ஆண்டு நூறாகிவிடும். ‘ஆண்டுவரி’ என்று மாற்றலாம் என்றால் அது ஆண்டுதோறும் கட்டும் வரிப்பணத்தைத்தான் குறிக்கும். ‘ஆண்டிணை’ என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். சோடி என்ற கருத்து அதில் அழகாக வருகிறது, ஆனால் இரண்டு ஆண்டுகள் இணைந்தது என்று படிப்பவர்களும் இருப்பார்கள்.

அதனால் நான் முன்வைப்பது ஆண்டுவண்டல். வண்டல் என்றால் நீரின் அடியில் மண்டியது, ஓராண்டு முழுவதும் மண்டிய எல்லாம் அதில் அடங்கிவிடும். உள்ளே இருக்கும் இரண்டையும் கோடைப்படலம், குளிர்ப்படலம் என்று பிரித்துச் சொல்லலாம், அப்போது எண்ணும் அலகு எது, அதன் பகுதி எது என்ற குழப்பம் வராது. மரத்துக்கு ஆண்டு வளையம், பனிப்பாளத்துக்கு ஆண்டடுக்கு, ஏரிக்களிக்கு ஆண்டுவண்டல் என்று மூன்றும் ஒரு குடும்பமாக நிற்கும். வண்டல் எண்ணக்கூடிய பெயர் இல்லையே, ‘நாற்பது வண்டல்’ என்று யார் சொல்வார்கள் என்று கேட்டால், அந்தக் குறை உண்டு. ஆனால் ‘நாற்பது ஆண்டுவண்டல்’ என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள், அவ்வளவு உறுத்தவில்லை.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேறொன்று. அடுக்கடுக்காகத் தெரிவதெல்லாம் ஆண்டுக் கணக்கு ஆகாது. ஒரே கோடையில் இரண்டு மூன்று பெருவெள்ளம் வந்தால் அத்தனை சோடிகளும் ஓராண்டுக்குள்ளேயே படிந்துவிடும். அதனால்தான் துறையில் இருப்பவர்கள் ஆண்டுக்கணக்கு உறுதியாகும்வரை மாறிமாறிச் சீராக வரும் எந்த அடுக்குக்கும் பொருந்தும் ரித்மைட் என்ற பொதுச்சொல்லையே எழுதுகிறார்கள். மகரந்தம், கதிரியக்கக் கார்பன் போன்ற வேறு சான்று கிடைத்த பிறகுதான் வார்வ் என்பார்கள். நாமும் ரித்மைட்டுக்குச் ‘சீரடுக்கு’ என்று தனிச்சொல் வைத்தே ஆக வேண்டும். ஆண்டு என்ற சொல்லைக் கையேட்டில் முன்கூட்டியே எழுதிவிட்டால், பட்டறையில் மாணவர்கள் தாங்களே கண்டறிய வேண்டியதை நாம் பெயரிலேயே முடிவுசெய்து கொடுத்தது போலாகும்.

சுவீடிய மொழியில் வார்வ் என்பதற்குச் சுற்று என்றும் அடுக்கு என்றும் பொருள். அங்கே யெரார்டு டி யேர் என்ற நிலவியலாளர் தம் மாணவர்களோடு பல களிக்குழிகளில் எண்ணி, ஓரிடத்துப் பட்டையை இன்னோரிடத்துப் பட்டையோடு தடிமனை வைத்துப் பொருத்தி, 1910-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக நிலவியல் மாநாட்டில் கடந்த 12,000 ஆண்டுகளுக்கான காலக்கணக்கை முன்வைத்தார்.  பொதுவழக்கில் இருந்த ஒரு எளிய சொல்லை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார், அதனால்தான் நானும் புழக்கத்தில் உள்ள வண்டலை விட மனமில்லாமல் இருக்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. ஏரியில் மிதந்துவந்த பனிக்கட்டி உருகும்போது அதில் சிக்கியிருந்த கல் நேராக அடிக்களியில் விழுந்து புதையும், கீழே உள்ள படலங்கள் அதன் எடையில் குழிந்து வளைந்திருக்கும், மேலே உள்ளவை அதை மெல்லப் போர்த்தியிருக்கும். அந்தக் கல்லுக்கு ‘விழுகல்’ என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், அந்தப் பகுதி இன்னும் என் கையில்தான் இருக்கிறது.