பொருள்: 'சைல்ட் லாண்டரிங்' - தமிழில் என்ன போடலாம்?

மு.செ., கோவை:
வணக்கம். குழந்தைகள் நலக் குழு உறுப்பினர்களுக்கான பயிற்சிக் கையேடு, வெள்ளிக்குள் தர வேண்டும். வெளிநாட்டுத் தத்து மோசடிகள் பற்றியது. 2022 செப்டம்பரில் ஐ.நா. குழுக்கள் வெளியிட்ட கூட்டறிக்கைப் பகுதியை முடித்துவிட்டேன். அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டேவிட் ஸ்மோலின் பரப்பிய இந்தச் சொல்லில் வந்து நிற்கிறேன். வாங்கியோ திருடியோ ஏமாற்றியோ பெற்ற பிள்ளைக்கு அநாதை என்று தாள் தயாரித்து, முறையான தத்து வழியாகவே கடல் தாண்டவைப்பது. 'குழந்தைச் சலவை' என்றால் குளிப்பாட்டுவது போல இருக்கிறது.

ந., சென்னை:
'சட்டவிரோதத் தத்தெடுப்பு' போதாதா? கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கும் மணி லாண்டரிங்கையே நாளிதழ்கள் 'சட்டவிரோதப் பணப் பரிமாற்றம்' என்றுதானே எழுதுகின்றன?

மு.செ.:
போதாது. தத்து உத்தரவு சட்டப்படி நீதிமன்றம் கொடுத்தது (இந்தியாவில் இப்போது மாவட்ட ஆட்சியர்). அழுக்கு அதற்கு முந்தைய தாள்களில் இருக்கிறது.

க.வி., யாழ்ப்பாணம்:
எங்களிடம் மணி லாண்டரிங் 'பணம் தூயதாக்கல்'. 'பிள்ளை தூயதாக்கல்' என்று எழுதக் கை கூசும். 1980களில் இலங்கையில் பெற்றவளுக்குப் பதிலாக வேறொருத்திக்குக் காசு கொடுத்து, நீதிமன்றத்தில் தாயாக நிறுத்தினார்கள். 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி இதை வெளியே கொண்டுவந்தது. 2021 பிப்ரவரியில் அந்த அரசு அமைத்த குழுவின் அறிக்கை வந்ததும் வெளிநாட்டுத் தத்துகளையே நிறுத்திவைத்தார்கள். 'ஆள்மாறாட்டத் தத்து' என்றால் என்ன?

மு.செ.:
நல்ல சொல்தான் அக்கா. ஆனால் தாயை மாற்றாமல் பிறப்புச் சான்றை மட்டும் திருத்தினால் பொருந்தாது.

பெ.இரா., தஞ்சை:
அடிப்படையே பிழை. 'தத்தம்' வடமொழியில் கொடுக்கப்பட்டது. கொடுக்காத பிள்ளை எப்படித் தத்தாகும்? இலங்கைச் சட்டத்தமிழில் தத்தெடுப்புக்கு 'மகவேற்பு' இருக்க, நமக்கு ஏன் கடன்சொல்? மேலும், சங்கப் பாட்டில் புலைத்தி, அதாவது சலவைக்காரி, ஆடையைக் கழுவுகிறாள். கழீஇ, கழுவி, கழுநீர், கழுவாய் எல்லாம் ஒரே வேர். மக என்றால் பிள்ளை. ஆகவே 'மகக்கழுவல்'. 'மகக்கழுவாய்' என்றும் சொல்லலாம், ஆனால் அது பரிகாரமாகிவிடும்.

ந.:
ஐயா, இரண்டுமே மக நட்சத்திரத்துக்கான பரிகாரம் போலத்தான் இருக்கின்றன. 'கள்ளத் தத்து' போடுங்கள். கள்ளநோட்டு, கள்ளச்சாராயம் தெரிந்தவனுக்கு இதுவும் புரியும்.

மு.செ.:
தனிமடலில் நான்கு பேர் 'கள்ளத் தத்து' என்றே சொல்கிறார்கள். அதையே போட்டுவிடவா?

க.வி.:
வேண்டாம் தம்பி. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது நாற்பது வயது. தாயைத் தேடிக் கொழும்புக்கு வந்து நிற்கிறார்கள். கள்ளம் செய்தது இடைத்தரகன், பட்டம் இவர்களுக்கா?

மு.செ.:
சரி. 'பிறப்பு மறைத்த தத்து'? ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 8ஆவது உறுப்பு, பெயர், குடும்ப உறவு உள்ளிட்ட அடையாளத்தைக் காக்கச் சொல்கிறது. அதோடு ஒட்டி வரும்.

ந.:
சொல் இல்லை, விளக்கம். இருந்தாலும் புரிகிறது. என் வாக்கு இதற்கே. எனக்குத் தூக்கம் வருகிறது.

க.வி.:
எனக்கு உடன்பாடில்லை. இதில் காசு எங்கே? வெளிநாட்டுத் தத்து பற்றிய 1993 ஹேக் உடன்படிக்கையின் 32ஆவது உறுப்பு முறையற்ற ஆதாயத்தைத்தான் தடுக்கிறது. பிறப்பை மறைத்ததே விற்பதற்காகத்தானே?

மு.செ.:
32ஆவது உறுப்புக்குக் கையேட்டின் அடுத்த பக்கத்தில் தனிப் பத்தி உண்டு அக்கா. உங்கள் மறுப்பை அடிக்குறிப்பில் சேர்க்கிறேன். கோப்பு நாளைக் காலை போகிறது.

பெ.இரா.:
போகுமுன் ஒன்று. 'பிறப்பு மறைத்த' எழுவாய்த் தொடரா, இரண்டாம் வேற்றுமைத் தொகையா? 'பிறப்பை' என்று 'ஐ' விரியாவிட்டால் பிறப்பே எதையோ மறைத்ததாகிறது. 'மகவேற்பு' பற்றி யாரும் பதில் சொல்லவும் இல்லை.