ஆச்சிக்குப் போன் கற்றுக்கொடுக்க என்னிடம் ஒரு மாதம்தான் இருக்கிறது

கேள்வி: பாளையங்கோட்டைப் பேத்தி

ஆச்சிக்கு 72 வயது. தாத்தா தபால் துறையில் வேலை பார்த்தவர். அவருடைய குடும்ப ஓய்வூதியம் ஆச்சிக்கு வருகிறது. அடுத்த மாதம் நான் மேற்படிப்புக்காகக் கோயம்புத்தூர் போகிறேன். அதன்பிறகு வீட்டில் ஆச்சி மட்டும்தான்.

இரண்டு வருடமாக ஆச்சியின் போன் வேலை எல்லாம் என் கையில்தான். மின்கட்டணம், கேஸ் பதிவு, மும்பையில் இருக்கும் சின்ன ஆச்சியோடு வீடியோ அழைப்பு எல்லாமே நான்தான். போன நவம்பரில் ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றிதழும் வீட்டிலிருந்தே கொடுத்தோம். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ஆச்சியின் விரல் ரேகை மழுங்கிவிட்டது. கருவியில் எந்த விரலை வைத்தாலும் பதிவதில்லை. ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டினாலே போதும் என்று தெரிந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் உட்காரவைத்தேன். செயலி கண்ணை இமைக்கச் சொல்கிறது. ஆச்சியோ போட்டோவுக்கு உட்காருவதுபோல அசையாமல் இருக்கிறார். மூன்றாவது முறைதான் சரியாக வந்தது.

என் கேள்வி இதுதான். கற்றுக்கொடுக்க உட்கார்ந்தால் பத்தே நிமிடத்தில் போனை வாங்கி நானே செய்து முடித்துவிடுகிறேன். நேற்று ஆச்சி சொன்னார்: "உன் விரல் ஓடுகிற ஓட்டம் என் கண்ணில் நிற்கவில்லை தாயி." இரவெல்லாம் அது மனதை அறுத்தது. ஆச்சி தொட்டால் வேறு ஏதோ திறந்துகொள்கிறது, பயந்து கையை எடுத்துவிடுகிறார். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கணக்கு டீச்சர், தஞ்சாவூர்

உன் வயதில் எனக்குப் பேத்தி இருக்கிறாள், அதனால் நீ என்றே எழுதுகிறேன். எனக்கு 68 வயது. எனக்குக் கற்றுக்கொடுத்தவன் எதிர்வீட்டில் பாலிடெக்னிக் படித்த பையன். முதல் நாளே, "டீச்சர், நான் போனைத் தொடமாட்டேன்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அவன் செய்த நல்ல காரியங்களில் அதுதான் பெரியது. முப்பத்து மூன்று வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் நானே போட்ட கணக்கு எந்தப் பிள்ளைக்கும் வந்ததில்லை.

வேறு ஏதோ திறக்கிறது என்றாயே, ஆச்சியின் விரலைக் கவனி. நாங்கள் காலிங்பெல்லையும் மிக்ஸியையும் அழுத்திப் பழகியவர்கள். போனையும் அழுத்திப் பிடிப்போம். அழுத்திப் பிடித்தால் போனுக்கு அது வேறு கட்டளை. "இஸ்திரிப் பெட்டி சூடாகிவிட்டதா என்று விரல் வைத்துப் பார்ப்பீர்களே, அப்படித் தொட்டு எடுங்கள்" என்று அந்தப் பையன் சொன்ன பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. ஆண்ட்ராய்டு போன் என்றால் அமைப்புகளில் மாற்றுத்திறன் வசதி அல்லது அணுகல்தன்மை என்ற பகுதி இருக்கும். அதில் தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீளமாக வைத்துவிடு. எழுத்தையும் பெரிதாக்கு. விரல் மிகவும் காய்ந்திருந்தாலும் திரைக்குத் தெரியாது, ஈரத் துணியில் லேசாகத் துடைத்துவிட்டுத் தொடச் சொல்.

ஒரு நோட்டு வை. எழுதுவது ஆச்சியாக இருக்கட்டும், அவருடைய வார்த்தையில். நீ எழுதிக்கொடுத்தால் அது உன் நோட்டு.

பதில்: வங்கி கவுன்ட்டரிலிருந்து

சகோதரி, பணம் அனுப்பக் கற்றுக்கொடுக்கும் முன் ஒன்றை மட்டும் ஆச்சியின் மனதில் ஆழப் பதியவையுங்கள். நமக்குப் பணம் வர, ரகசிய எண்ணான 'பின்' (PIN) ஒருபோதும் தேவையில்லை. "பணம் அனுப்புகிறேன், பின் எண்ணைப் போடுங்கள்" என்று எவன் சொன்னாலும் அவன் திருடன். இதைத் தெரியாமல் சேமிப்பை இழந்துவிட்டு கவுன்ட்டர் முன்னால் கைநடுங்க நிற்கும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் திட்டுவார்களோ என்று பயந்து இரண்டு நாள் கழித்து வருகிறார்கள். அந்த இரண்டு நாளில் பணம் எங்கெங்கோ போய்விடுகிறது. தவறு நடந்தால் உடனே உங்களிடம் சொல்லலாம், கோபப்பட மாட்டீர்கள் என்று இப்போதே வாக்குக் கொடுங்கள். இணையப் பண மோசடியைப் புகார் செய்யும் 1930 என்ற எண்ணைப் போனிலும் சேமியுங்கள், சுவரிலும் எழுதி ஒட்டுங்கள்.

போலீஸ் என்று வீடியோவில் வந்து கைது செய்கிறேன் என்பவனைப் பற்றியும் சொல்லுங்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. ஓய்வூதியக் கணக்கை யுபிஐயில் இணைக்காதீர்கள். சிறு தொகை மட்டும் வைத்த வேறு கணக்கு போதும்.

பதில்: சிவகாசி மகன்

அப்பாவுக்கு நான் யுபிஐயிலிருந்து ஆரம்பித்தேன், மனிதர் போனையே வெறுத்துவிட்டார். அவருக்கு வேண்டியிருந்தது பேரனின் முகம். ஆச்சிக்கு எது ஆசையோ அதிலிருந்து தொடங்குங்கள்.

மீண்டும் பாளையங்கோட்டைப் பேத்தி

மூன்று வாரம் ஆகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி. கேட்டபோது ஆச்சி யோசிக்கவே இல்லை, "தங்கச்சியிடம் நானாகப் பேச வேண்டும்" என்றார். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவரே எழுதிக்கொண்டார்: 'பச்சைப் படம். தங்கச்சி முகம். மேலே கேமரா பொம்மை. இஸ்திரி மாதிரித் தொடு. மணி அடிக்கும், காத்திரு.' ஞாயிற்றுக்கிழமை நான் கையைக் கட்டிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே சின்ன ஆச்சியின் குரல் கேட்டது. மும்பையில் தெரிந்தது எங்கள் வீட்டு மின்விசிறிதானாம்; ஆனாலும் நாற்பது நிமிடம் பேசினார்கள்.

டீச்சர் அம்மா, ஒன்று மட்டும் இன்னும் வரவில்லை. அழைப்பு வந்தால் பச்சையை மேலே தள்ள வேண்டும். ஆச்சி தொட்டு எடுத்துவிடுகிறார், அழைப்பு அடித்துக்கொண்டே இருக்கிறது.

பதில்: கணக்கு டீச்சர், தஞ்சாவூர்

அது இஸ்திரி இல்லை, விபூதி. நெற்றியில் பூசும்போது விரலை எடுக்காமல் இழுப்போமே, அதையே கீழிருந்து மேலாக இழுக்கச் சொல். சில போன்களில் ஒரே தொடுதலில் எடுக்கும் வசதியும் அமைப்புகளில் இருக்கும், தேடிப் பார். நீ பக்கத்து அறையிலிருந்து பத்து முறை கூப்பிட்டுப் பழக்கு.