சாய்வுத் துளைக்கு ஜிக் செய்தேன், ஸ்க்ரூ முனை முன்பக்கம் வந்துவிடுகிறது

கோத்தகிரி_வராந்தா:
வணக்கம். புத்தக அலமாரி ஒன்று செய்கிறேன். காற்றில் சாய்ந்த சில்வர் ஓக், ஒரு வருடம் நிழலில் காயவைத்து 18 மி.மீ.க்கு இழைத்த பலகை. முன்சட்டத்தின் மூலைகளைச் சாய்வுத் துளை போட்டு ஸ்க்ரூவால் இணைக்கலாம் என்று அதே மரத்தின் மிச்சத் துண்டில் ஜிக் (துளைக்கும் பிட்டை ஒரே கோணத்தில் வழிநடத்தும் கட்டை) செய்தேன். முதல் ஆறு துளை அருமையாக வந்தது, அப்புறம் ஜிக்கின் ஓட்டை பெரிதாகி பிட் ஆட ஆரம்பித்துவிட்டது. போட்டது 2 இன்ச் கருப்பு ஜிப்சம் ஸ்க்ரூ. இரண்டு இடத்தில் முனை வெளியே தெரிகிறது, ஒரு இடத்தில் பலகையே பிளந்துவிட்டது. கோணம் தப்பா?

குன்னூர்_ஆசாரி:
தம்பி, கோணத்தைவிட ஸ்க்ரூதான் தப்பு. 18 மி.மீ. பலகைக்கு ஒன்றேகால் இன்ச், அதாவது 32 மி.மீ. போதும். ஜிப்சம் ஸ்க்ரூவின் தலை அடியில் கூம்பாக இருக்கும், இறுக்க இறுக்க ஆப்பு மாதிரி மரத்தைப் பிளக்கும். தலையின் அடி தட்டையாக உள்ளதை வாங்குங்கள். சில்வர் ஓக் அவ்வளவு கெட்டி மரம் இல்லை, அதனால் மரை அகலமாக உள்ளதே நன்றாகப் பிடிக்கும்.

ஜிக்குக்குத் தேக்கோ வேங்கையோ எடுங்கள். சாய்வாகத் துளைக்கப் போராட வேண்டாம். கட்டையில் நேராகவே துளைத்துவிட்டு, பிறகு கட்டையின் ஒரு பக்கத்தைச் சரிவாக அறுங்கள். 100 மி.மீ. நீளத்துக்கு 27 மி.மீ. சரிவு வைத்தால் 15 டிகிரி கிடைத்துவிடும். அந்தச் சரிந்த பக்கம்தான் பலகையில் படிய வேண்டும். துளைக்குள் இரும்பு புஷ் (சின்னக் குழாய்) ஒன்றை மேலிருந்து அடித்து இறக்கிவிட்டால் ஓட்டை தேயாது. பிட் 9.5 மி.மீ., முனை மட்டும் மெல்லிசாக இருக்கும் ஸ்டெப் பிட். சின்னத் துளையின் நேர்கோடு பலகையின் தலைப்பில் (அறுத்த முனைப் பக்கத்தில்) சரியாக நடுவில், 9 மி.மீ.யில் வெளியே வர வேண்டும். முதலில் கழிவுத் துண்டில் முழுதாகத் துளைத்துப் பார்த்து, அப்படி வரும் வரை ஜிக்கை முன்னே பின்னே நகர்த்துங்கள்.

இன்னொன்று, எந்தத் துண்டில் துளை போட்டீர்கள்? எதன் தலைப்பு போய் முட்டுகிறதோ அதில்தான் போட வேண்டும். அப்போதுதான் ஸ்க்ரூ எதிர்த்துண்டின் பக்கவாட்டு நாரில் ஏறும். தலைப்பு நாரில் ஏறினால் பிடிமானம் குறைவு.

பண்ணைக்காடு_மலை:
ஆசாரி அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஸ்க்ரூவை முடுக்கும்போது இரண்டு துண்டையும் கிளாம்ப் போட்டு இறுக்கியே ஆக வேண்டும், இல்லையென்றால் ஸ்க்ரூ சாய்வாக ஏறும்போது பலகை ஒரு நூல் நழுவிவிடும், பிறகு இழைத்துத்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். மேல் பலகை அகலமானது என்றால் அதை இப்படி இறுக்கிப் பூட்டாதீர்கள். நம் ஊர் ஐப்பசி ஈரத்தில் மரம் குறுக்கே விரியும், பங்குனி வெயிலில் சுருங்கும். எங்கள் வீட்டு மேசை அப்படித்தான் நடுவில் வெடித்தது. முன்வரிசையில் வட்டத் துளை, பின்வரிசையில் நீள்துளை போட்டு வாஷர் வைத்தால் மரம் நகர இடம் இருக்கும். மூடுபனிக்குக் கருப்பு ஸ்க்ரூ துருப்பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் கிடைத்தால் அதையே போடுங்கள்.

கோத்தகிரி_வராந்தா:
ரொம்ப நன்றி அண்ணே. குறுக்குச் சட்டத்தில் போடாமல் நெடுஞ்சட்டத்தில் துளைத்திருக்கிறேன், பிடிப்பு இல்லாததற்குக் காரணம் இப்போது புரிகிறது. பழைய கதவு நிலையில் மிஞ்சிய தேக்குத் துண்டு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை புது ஜிக் அறுத்துவிடுகிறேன். பிட் மேலும் இறங்காமல் தடுக்கும் வளையத்தை, அதாவது ஸ்டாப் காலரை, எங்கே நிறுத்துவது?

குன்னூர்_ஆசாரி:
ஜிக்கைக் கழிவுப் பலகையில் கட்டி, பிட் முனை பலகையின் தலைப்பிலிருந்து 3 மி.மீ. உள்ளே நிற்கும்படி காலரை முடுக்குங்கள். மீதியை ஸ்க்ரூவே துளைத்துக்கொள்ளும்.