உடுமலைக் காகித ஆலை: உள்ளே போய்விட்டு வந்தேன்

போன மாதம், உடுமலைப் பக்கம் மூடிக் கிடக்கும் காகித ஆலையை வெளியிலிருந்து எடுத்த படங்களைப் போட்டு, உள்ளே போக வழி உண்டா என்று கேட்டிருந்தேன். உரிமையாளரிடம் நேரில் அனுமதி வாங்கி ஞாயிற்றுக்கிழமை போய் வந்தேன்.

முதலில் ஒரு திருத்தம். ஜன்னல் வழியே தெரிந்த பெரிய உருளைகள் காகிதக் கூழைப் பிழிபவை என்று எழுதியது தவறு. கூட வந்த பெரியவர் அந்த மெஷினிலேயே வேலை பார்த்தவர். "அது காய வைக்கற சிலிண்டருங்க தம்பி, உள்ள நீராவி ஓடும்" என்றார். காகிதமாகப் பரவ, கூழ் முதலில் கம்பி வலையில் விழும்; அப்போது அதில் 99 சதவீதம் தண்ணீர்தான். வடித்துப் பிழிந்த பிறகும் பாதியளவு ஈரம் நிற்கும். அதைப் போக்குவது இந்தச் சிலிண்டர்கள்.

ஒன்றில், காகிதத்தைச் சிலிண்டரோடு அழுத்திப் பிடிக்கும் கம்பளிப் பட்டை இன்னும் தொங்குகிறது. ஓரமெல்லாம் எலி கடித்து, தொட்டால் உதிர்கிறது. அதைப் பிடித்தபடி அவர் வெகுநேரம் பேசாமல் நின்றார். அதை மட்டும் நான் படம் எடுக்கவில்லை.

கூரை உடைந்த வழியாக வந்த வெளிச்சம் மட்டுமே. கேமராவை முக்காலியில் வைத்து 15 விநாடி ஷட்டரைத் திறந்து எடுத்தேன். அப்புறம், அனுமதி வாங்கிப் போகிறவர்கள் கூழ்த்தொட்டிப் பக்கம் கால் வைக்காதீர்கள். மேலே தூசி மூடித் தரை மாதிரியே தெரிகிறது.